முதலில் திருத்திய தாள்

அய்யாவு வாத்தியாருக்குச் செல்வநாயகியைப் பிடிக்காது. அவளுக்கும் அவரைப் பிடிக்காது. ஆனால் ஏழாம் வகுப்புக்கு ஓர் ஆண்டுக் கணக்குப் பாடத்திட்டம் எழுதியாக வேண்டும். அவரால் அதைத் தனியாக எழுத முடியாது. எழுதாவிட்டால் அவளுக்கு ரேஷன் அரிசி கிடைக்காது. அதனால் இருவரும் தகரக் கொட்டகைப் பள்ளியில் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

மலாயாவில் குருணுக்கு அருகே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பள்ளி அதுவரை நாலாம் வகுப்போடு முடிந்துவிடும். ஐந்து, ஆறு, ஏழு என்று மேல் வகுப்புகளைத் தொடங்கியவர் அய்யாவு. கல்வியின்மேல் இருந்த ஆசையால் அல்ல. ஜப்பான்காரன் வந்த இரண்டாவது வருடம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினான். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வாசலில் லாரி வந்து நிற்கும். கையும் காலும் திடமாக இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள். பள்ளியில் பெயர் இருக்கிற பையன்களை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அய்யாவு வாத்தியாரின் மகன் இருளப்பனுக்கு வயது பதினைந்து. நல்ல உயரம். அவனுக்காக ஏழாம் வகுப்பு பிறந்தது. மற்ற லயத்துப் பையன்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

செல்வநாயகி அலோர் ஸ்டாரில் ஆங்கிலப் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். பள்ளியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸராக இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அய்யாவுக்குப் பின்னத்துக்கு மேல் வராது என்பது முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை அவள் மறைக்கவும் இல்லை.

“ஏப்ரல் தொடங்கி பின்னம், தசமம், மீட்டர் அளவை, கன அளவு. ஆகஸ்டில முதல் சோதினை” என்றாள். “பிறகு விகிதம், சதவீதம். டிசம்பரில இரண்டாவது. பரப்பளவும் சமன்பாடும் முடிச்சு மார்ச்சில கடைசிச் சோதினை. நாப்பது புள்ளி எடுத்தால் பாஸ்.”

“மூணு சோதன எதுக்கு டீச்சரம்மா? வருசக் கடைசில ஒண்ணு. அது போதும் லா.”

“சோதினை இல்லாத பாடம் பஜனை, மாஸ்டர்.”

“ஒங்க யாழ்ப்பாணத்துல சோதன வைக்காம சோறும் போடமாட்டாங்க போல.”

“சோறு இருந்தால் போடுவம்.”

அய்யாவு பென்சிலைக் கீழே வைத்தார். “ஃபெயிலானவன வகுப்புல வச்சிருக்கக் கூடாதுன்னு ஆபீஸ் மணியம் கிராணி சொல்லிட்டாரு. வகுப்புல இல்லாதவன் லாரிக்குப் போவான். அது தெரியும்ல ஒங்களுக்கு?”

“தெரியும்.”

“அப்ப எல்லாரையும் பாஸ் போடுங்க.”

“உங்கட மகன் அரையையும் காலையும் கூட்டி ஆறில ரெண்டு எண்டு எழுதுறான். அவனுக்கு நான் பாஸ் போட்டால் பிறகு பாஸ் எண்ட சொல்லுக்கு என்ன அர்த்தம்?”

“அவன் உசுரோட இருப்பான். அதான் அர்த்தம்.”

“கள்ளப் புள்ளி நான் போடமாட்டன். சொல்லிக் குடுப்பன். வராட்டில் ஃபெயில்தான். வேற ஆள் வேணுமெண்டால் பாருங்கோ.”

வேறு ஆள் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். அய்யாவு அவள் சொன்னதை அப்படியே அழகான கையெழுத்தில் எழுதினார். முதல் சோதனை, இரண்டாம் சோதனை, மூன்றாம் சோதனை.

திட்டத்தை மொழிபெயர்த்து மேலே ஜப்பானிய அதிகாரிக்கு அனுப்புவது ஆபீஸ் குமாஸ்தா மணியம் கிராணியின் வேலை. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்து ஆபீஸ் அவர் கையில் இருந்தது. மலாய் நன்றாகத் தெரியும். நிப்பொங்கோ, அதாவது ஜப்பானிய மொழி, சுங்கைப்பட்டாணியில் மூன்று மாத வகுப்பில் படித்தது. தமிழிலிருந்து நேராக ஜப்பானிய மொழிக்குப் போக அவரிடம் புத்தகம் கிடையாது. மலாயிலிருந்து போகும் சின்ன அகராதி ஒன்று இருந்தது. சோதனை என்பதை மலாயில் பெரிக்சா என்று மாற்றினார். பெரிக்சாவுக்கு அகராதியில் கென்சா என்று இருந்தது. எழுதினார். பள்ளிப் பரீட்சைக்கு அந்த மொழியில் வேறு சொல் உண்டு. கென்சா என்றால் துப்பாக்கியைத் திறந்து பார்ப்பது, பூட்ஸைப் பார்ப்பது, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது உடம்பைப் பார்ப்பது. இது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அனுமதி சீக்கிரமே வந்தது. சிவப்பு முத்திரையோடு. மணியம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கே வந்தார்.

“டீச்சர், அதிகாரிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மண்ணு வெட்டுற குழிக்குக் கன அளவு போட்டிருக்கீங்கள்ல, அத ரெண்டு தரம் படிக்கச் சொன்னாரு. மூணு கென்சாவும் நல்லதுன்னாரு. மொத கென்சாவுக்கு அவரே வர்றாராம்.”

“வரட்டும்” என்றாள் செல்வநாயகி. தன் திட்டத்தைப் படித்துப் பார்த்து ஒருவன் மெச்சினான் என்பதில் அவளுக்கு மகிழ்ச்சி. அதைக் காட்டிக்கொள்ளவில்லை. அய்யாவு அன்றைக்கே திட்டத்தின் நகலைச் சுவரில் ஒட்டினார். முத்திரை விழுந்த காகிதத்தை இனி ஒருவரும் திருத்த முடியாது.

நான்கு மாதமும் அவள் விடாமல் நடத்தினாள். சாக்கட்டி இல்லை. மரவள்ளிக்கிழங்கை வெட்டிக் காயவைத்து எழுதினாள். பள்ளிக்குப் பின்னால் பதுங்கு குழி வெட்டியபோது அதையே அளந்து கன அளவு சொல்லிக் கொடுத்தாள். பையன்களில் முனியாண்டி மட்டும் அவள் கேள்வியை முடிக்கும் முன்பே விடை சொல்வான். ராக்காயியின் மகன் சின்னையா நிதானமானவன், ஆனால் தப்பு செய்யமாட்டான். காளியம்மாவின் மகனும் பரவாயில்லை. மற்றவர்கள் பசியில் தூங்கினார்கள். தூங்குகிறவன் தலையில் குட்டுவாள். “வயிறு காஞ்சால் மூளை வேலை செய்யாதோ? எனக்கும்தான் காயுது” என்பாள். இருளப்பன் இப்போதும் மேலெண்ணையும் கீழெண்ணையும் தனித்தனியே கூட்டிக்கொண்டிருந்தான்.

சோதனை நாளன்று அதிகாரி சீக்கிரமே வந்தார். பின்னால் ஒரு லாரி வந்து ரப்பர் மரங்களுக்கு அடியில் நின்றது. பட்டாளத்தான் எங்கே போனாலும் லாரியில்தான் போவான் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜப்பான் சக்கரவர்த்திக்காகக் கிழக்கே பார்த்து எல்லோரும் வணங்கினார்கள். பழைய கம்பெனிப் படிவங்களை வெட்டி, அவற்றின் பின்பக்கத்தில் பையன்கள் எழுதினார்கள். அதிகாரி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மணியம் அவர் பக்கத்தில் நின்றார்.

எழுதி முடிந்ததும் இப்போதே திருத்தச் சொல்கிறார் என்றார் மணியம்.

செல்வநாயகி தாள்களை வாங்கினாள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. நல்ல தாளைக் கடைசியாக வைத்துத் திருத்துவாள். மோசமான தாள்களில் வரும் எரிச்சலை ஆற்ற அது வேண்டும். முனியாண்டியின் தாளை உருவி அடியில் வைத்தாள். சின்னையாவின் தாள் மேலே வந்தது. எழுபத்தாறு. பாஸ். அதிகாரி கையை நீட்ட, கொடுத்தாள். காளியம்மாவின் மகன் ஐம்பத்திரண்டு. பாஸ். பிறகு வரிசையாக ஃபெயில். இருளப்பன் பதினெட்டு. தலை நிமிராமலே அதையும் ஃபெயில் பக்கம் தள்ளினாள். வாசலில் நின்ற அய்யாவு அவளை வெட்டிவிடுவதுபோலப் பார்த்தார்.

அதிகாரி எழுந்து ஏதோ சொன்னார். மணியத்துக்கு முகம் வெளுத்தது. சொன்னதைத் திரும்பச் சொல்லக் கேட்டார். அதிகாரி சொன்னார். மணியம் யாரையும் பார்க்காமல் தமிழில் பேசினார்.

“பாஸ் ஆனவங்க லாரில ஏறணுமாம். சயாம்ல மண்ணு அளக்கக் கணக்கு தெரிஞ்ச பசங்க வேணுமாம். ஃபெயிலானவங்க இங்கயே இருந்து படிக்கணுமாம், மூணு கென்சாவுக்கும் மூணு தடவ எடுத்துக்குவாராம். நம்ம திட்டத்துல அப்படித்தான் இருக்குன்றாரு.”

“எங்க இருக்கு?” என்றாள் செல்வநாயகி.

“சோதனன்றத நான் மாத்தி எழுதிட்டேன் போல, டீச்சர். இப்ப அத சொன்னா என் தலை போயிரும். கேக்காதீங்க.”

அவள் கையில் முனியாண்டியின் தாள் மட்டும் மிச்சம் இருந்தது. அதில் ஒரு தப்பும் கிடையாது. பார்க்காமலே தெரியும். அதிகாரி கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் சிவப்புப் பென்சிலால் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, மேலே பெரிதாகப் பூஜ்யம் போட்டாள்.

அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். தமிழ் தெரியாது. இலக்கங்கள் தெரியும். பதுங்கு குழிக் கணக்கில் விரலை வைத்தார். பன்னிரண்டு, மூன்று, இரண்டு, எழுபத்திரண்டு. சரியாக இருந்தது. அடுத்ததும் சரி. விரலை எடுக்காமல் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“பாத்தெழுதினவன்” என்றாள் அவள். “சொல்லுங்கோ மணியம்.”

பார்த்து எழுதுவதற்கு மணியத்திடம் சொல் இல்லை. தெரிந்த சொல்லைச் சொன்னார். “தொரோபோ.” திருடன்.

“நான் பாத்தெழுதல” என்று முனியாண்டி எழுந்தான். “டீச்சர், யாரப் பாத்து எழுதினேன்? என் பக்கத்துல இருக்கிறவன் இருளப்பன். அவனப் பாத்து எழுதினா இது வருமா? போர்டுல போடச் சொல்லுங்க. எந்தக் கணக்கு வேணும்னாலும் குடுங்க, இப்பவே போடுறேன்.”

அவன் கரும்பலகையை நோக்கி நடக்கவும் தொடங்கிவிட்டான். செல்வநாயகி குறுக்கே போய் அவன் கன்னத்தில் அறைந்தாள். “வாயை மூடு கள்ளா. இரு.”

அவன் இருக்கவில்லை. “பொய் சொல்றீங்க டீச்சர்” என்றான். அவள் மறுபடி அறைந்தாள். அதற்குள் அதிகாரி வந்து அவளை விலக்கிவிட்டு, திருடனுக்குக் கொடுக்க வேண்டியதைத் தானே கொடுத்தார். முனியாண்டி விழுந்த பிறகும் காலால் கொடுத்தார். அவன் காதிலிருந்து ரத்தம் வழிந்து தரையில் இறங்கியது. திருடனை அவர் லாரியில் ஏற்றவில்லை.

சின்னையாவும் காளியம்மாவின் மகனும் ஏறினார்கள். சின்னையா ஏறும்போது, பாஸ்தானே என்று ஒரு தரம் மணியத்திடம் கேட்டுக்கொண்டான்.

லாரி போன பிறகு அய்யாவு உள்ளே வந்தார்.

“டீச்சரம்மா, எம் மவனுக்கு ஃபெயில் போட்டீங்க. ஒங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு...”

“அவன் உண்மையிலேயே ஃபெயில், மாஸ்டர். எனக்கு நன்றி சொல்லாதேங்கோ.”

“டிசம்பர்ல எல்லாருக்கும் ஃபெயில் போட்டுருங்க.”

“கள்ளப் புள்ளி போடச் சொல்லி ஏப்ரலிலயும் கேட்டனீங்கள்.”

“அப்ப நீங்க கேக்கல. இப்பக் கேளுங்க.”

செல்வநாயகி தண்ணீர் கொண்டுவந்து தரையைத் தேய்த்தாள்.

முனியாண்டிக்கு ஒரு காது கேட்காமல் போனது. அவன் பள்ளிக்கு வரவில்லை. ரப்பர் பால் இறக்க மரம் வெட்டப் போனான். பூஜ்யம் எதற்கு என்று அவனுக்கு யாரோ விளக்கிச் சொன்னார்கள். அவன், “தெரியும். ஆனா அவ என்னத் திருடன்னு சொன்னா லா” என்றானாம்.

திட்டப்படி அடுத்த பாடம் விகிதம். செல்வநாயகி நடத்தினாள். மூன்றுக்கு ஐந்து என்றால் ஒன்பதுக்கு எவ்வளவு என்று கேட்டாள். ஒருவன் நாற்பது என்றான். ஒருவன் பூஜ்யம் என்றான். ஒருவன் பதினாறு என்றான். எல்லோரும் கவனமாகத் தப்பு சொன்னார்கள். பதினாறு என்றவனுக்குப் பதினைந்து தெரியும். அவன் கண்ணில் தெரிந்தது. இருளப்பன் மட்டும் நேர்மையாக விரல் விட்டு எண்ணி, பதினொன்று என்றான்.

“பிழை” என்றாள். யாரையும் குட்டவில்லை. கரும்பலகையில் பதினைந்து என்று தானே எழுதினாள். யாரும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளவில்லை.

அப்போது ராக்காயி உள்ளே வந்தாள். பால் வெட்டுக்குப் போன உடையோடு, இடுப்பில் கத்தியோடு வந்திருந்தாள். பையன்கள் தலையைக் குனிந்தார்கள். அய்யாவு, “ராக்காயி, பாடம் நடக்குது” என்றார்.

“நடக்கட்டும் வாத்தியாரே. நான் டீச்சர ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.” அவள் குரல் உயரவில்லை. “முனியாண்டிக்கு ஒரு பொய் வச்சிருந்தியே தாயி. எம் மவனுக்கு இல்லையா?”

“அவன்ர தாளைத் திருத்தேக்கை எனக்கு ஒண்டும் தெரியாது. குடுத்த பிறகுதான் சொன்னவை.”

“அதையும் சொன்னாங்க. அவன் பேப்பர ஏன் மொத எடுத்த?”

மேலே கிடந்தது என்று சொல்லலாம். பாதி உண்மை. செல்வநாயகி சொல்லவில்லை. “நல்ல தாளைக் கடைசியா வைப்பன். அது என்ர பழக்கம்.”

“அப்ப எம் மவன் நல்லா எழுதலையா?”

“எழுதினவன். முனியாண்டி இன்னும் நல்லா எழுதினவன்.”

ராக்காயி அதை யோசித்தாள். பிறகு நடந்து போய், காலியாக இருந்த சின்னையாவின் இடத்தில், பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“போ ராக்காயி” என்றார் அய்யாவு. “வேலக்கிப் போகலன்னா அரிசி குடுக்க மாட்டாங்க.”

“அரிசிய யாருக்குப் பொங்கப் போறேன்?” என்றாள் அவள், அவர் பக்கம் திரும்பாமல். “நீ பாடத்த நடத்து தாயி. தெனமும் வருவேன். டிசம்பர்ல நீ எவன் பேப்பர மொத எடுக்கிறேன்னு பாக்கணும்.”