கை படாத முகம்

என் பட்டறைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஓவியம் என்றால் என்னவென்று தெரியாது. பத்தாவது ஆளுக்குத் தெரியும், ஆனால் அவர் வரையக் கொண்டுவருவது ரோட்டோரம் வாங்கின பிளாஸ்டிக் ஹெல்மெட்டாக இருக்கும். ராஜபாளையத்தில் செட்டியார்பட்டி போகிற ரோட்டில், டயர் கடைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில் என் இடம். பெட்ரோல் டேங்கில் புலி, வேன் முதுகில் அருவி, ஹெல்மெட்டில் மண்டையோடு, எல்லாம் காற்றால் பெயிண்டைத் தூவி வரைகிற ஏர்பிரஷ் வேலை. வாசலில் ‘கை வைக்காதீர்கள்’ என்று பெரிதாக எழுதி, அதற்குக் கீழே சிவரஞ்சனி என்று என் பெயரைச் சின்னதாகப் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் அதைச் சத்தமாகப் படிப்பார்கள். படித்துக்கொண்டே அந்தப் போர்டின் மேலேயே கையை வைப்பார்கள்.

பால்சாமி வந்தது கார்த்திகை மாதத்தில். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கிறவர். ஒரு கையில் இரண்டு போன், இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே வந்து கம்ப்ரசர் வரைக்கும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“வரையுற ஆளு இல்லையா?”

“நான்தான் வரையுறேன்.”

“ஓ,” என்றார், எடை குறைந்த சரக்கை வாங்கியதுபோல.

கவரில் ஒரு பழைய குடும்ப அட்டைப் படம் இருந்தது. அவருடைய அம்மா கருத்தம்மா. ஒற்றை அடுப்பு வைத்துக் கோவா கிண்டத் தொடங்கி, இரண்டு கடை அளவுக்கு வளர்த்துவிட்டு, நான்கு வருடம் முன்னால் போய்ச் சேர்ந்தவர். தையில் மூன்றாவது கடை திறக்கிறார்களாம். கல்லாவுக்குப் பின்னால், நாலடி உயரத்தில் அம்மா முகம் வேண்டும்.

“இடது கன்னம் பூரா அம்மைத் தழும்பு. அதை எடுத்துருங்க. கடையில மாட்டுறது. வாரவன் போறவன் என்ன நெனப்பான்.”

பெற்ற தாயின் முகத்தைக் கழுவித் துடைத்துக் கொடுக்கச் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்தாயிற்று. கல்யாண ஆல்பம் பார்த்துப் பார்த்து ஊருக்கே இந்த வியாதி பிடித்திருக்கிறது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தன் அப்பாவைப் பற்றி இன்னொன்று சொன்னார்.

“எங்க அய்யாவுக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு. கண்ணுக்குள்ள அழுத்தமாம். மதுரை டாக்டர் கையை விரிச்சுட்டாரு. மிச்சமிருக்குற பார்வை தை வரைக்கும் தாங்குனாலே பெருசுங்காரு. அதுக்குள்ள அம்மாவ ஒரு தடவை பெருசா பாத்துரணும்னு கேக்காரு. அவரு கேட்டது இது ஒண்ணுதான்.”

அந்த ஒரு காரணத்துக்காகத்தான் தழும்பில்லாமல் வரைய ஒப்புக்கொண்டேன். எனக்கும் அப்படியொன்றும் கல் மனசு இல்லை.

அப்புறம் தொடங்கியது கூத்து. எதன் மேல் வரைவது என்று என்னைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே. மறுநாள் ஒரு டெம்போவில் கண்ணாடி வந்து இறங்கியது.

“நல்லா பளபளன்னு இருக்கும்லா,” என்றார்.

“கண்ணாடியில பெயிண்ட் பிடிக்காது அண்ணாச்சி. நகத்தால கீறுனா உங்க அம்மா உரிஞ்சு வந்துருவாங்க.”

கண்ணாடி போய்க் கருப்பு கிரானைட் வந்தது. எதிர்க்கடைக்காரர் தன் அப்பா பெயரை கிரானைட்டில் வெட்டி வைத்திருக்கிறாராம், அதனால் இவருக்கும் கிரானைட். அந்தக் கல்லைத் தூக்க நான்கு பேர். கடைச் சுவரில் மாட்டினால் சுவரோடு சேர்ந்து கல்லாவின் மேல் விழும் என்றேன். கல்லா என்றதும் புரிந்துகொண்டார். அடுத்து வந்தது எவர்சில்வர் தகடு. சாப்பாட்டுக் கடைக்கு அதுதான் சுத்தமாம். வரைகிறவள் மூஞ்சியும் பார்க்கிறவன் மூஞ்சியும் அதிலேயே தெரியும்போது கருத்தம்மா மூஞ்சி எங்கே தெரியப் போகிறது என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் போன் எடுக்கவில்லை.

கடைசியில் நான்தான் ஏசிபி ஷீட் வாங்கி வந்தேன். இரண்டு பக்கமும் அலுமினியம், நடுவில் பிளாஸ்டிக். இலேசானது, வளையாது, ஈரம் குடிக்காது. அதற்கும் ஒரு பாட்டு.

“பேங்குக்குப் போர்டு அடிக்கிற தகடுல்லா இது. எங்கம்மா என்ன ஏடிஎம்மா?”

பதில் சொல்லும் வேலையை என் கை செய்யும். பிரைமர் அடித்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் விரல் வழுக்கிக்கொண்டு போகிற வரைக்கும் விடமாட்டேன். பிரஷ் பிடிக்கிறவன் வேலையில் தடிப்பு இருக்கும், கோடு இருக்கும். என் வேலையில் கை வைத்தால் அங்கே ஏதோ வரைந்திருக்கிறது என்றே தெரியக் கூடாது. இதை நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பால்சாமி வீட்டுக்காரர்களுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே வார்த்தை பதம். கோவா பதம், பாகு பதம், பெயிண்டுக்கும் பதம். தினமும் போனில் “பதம் வந்துருச்சா” என்று கேட்பார். அடுப்பில் கிண்டும்போது துளி எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பார்களாம். ரவைபோல மணல் மணலாக உருண்டால் பதமாம். அந்தப் பழக்கம் அடுப்போடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது. என் பட்டறைக்குள் வந்தால் கதவைத் தேய்த்துப் பார்ப்பார்கள், துணியைத் தேய்த்துப் பார்ப்பார்கள், காயாத டேங்கைத் தேய்த்துப் பார்ப்பார்கள். எத்தனை சோப்பு போட்டாலும் அந்தக் கைகளில் நெய்ப் பிசுக்கு போகாது. நெய் பட்ட இடத்தில் பெயிண்ட் நிற்காது.

முகம் முக்கால்வாசி முடிந்திருந்த ஒரு காலையில் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். பால்சாமி, அவர் மனைவி செல்வலட்சுமி, கூடவே அவர் அய்யா கருத்தையா. கிழவர் அன்று காலையிலும் அடுப்படிக்குப் போய்ப் பதம் பார்த்துவிட்டுத்தான் வந்தாராம். அவர் ஓவியத்துக்கு மிக அருகில் போய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அப்புறம் மறுபக்கமாகச் சாய்த்து எதையோ தேடினார். நான் அந்தப் பக்கம் நெருங்குவதற்குள் பெருவிரல் இடது கன்னத்தில் ஏறிவிட்டது. கோவாவைத் தேய்ப்பதுபோல அங்கேயே வைத்துத் தேய்த்தார்.

“இங்கன ஒண்ணுமில்லையே, தாயி,” என்றார்.

“கையை எடுங்க. வாசல்ல எம்புட்டுப் பெருசா எழுதிருக்கேன். கண்ணு தெரியாதா உங்களுக்கு.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. செல்வலட்சுமி என்னைப் பார்த்தாள். கிழவர் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“ஆமாத்தா, தெரிய மாட்டேங்கு,” என்றார்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வேலை நடக்கும் இடத்தில் கூட்டம் போட்டால் அப்படித்தான் வாயில் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் போனதும் கன்னத்தை மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்தேன். அழுத்தித் துடைத்தால் பெயிண்டும் வந்துவிடும் என்பதால் அதோடு விட்டுவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, முடிந்த முகத்தின் மேல் கடைசிப் பளபளப்புக்கான கிளியர் கோட் அடித்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே இடது கன்னத்தில் குழி விழத் தொடங்கியது. சின்னச் சின்ன வட்டக் குழிகள், கோட் ஒட்டாமல் விலகி. எங்கள் தொழிலில் இதை ஃபிஷ் ஐ என்பார்கள். மற்ற இடமெல்லாம் தண்ணீர் விட்டதுபோல மினுங்க, கிழவர் தேய்த்த அந்த இடத்தில் மட்டும் பதினேழு குழி.

பால்சாமிக்குப் போன் போட்டு, குடும்பம் மொத்தத்தையும் வைதேன். நெய்க்கையை வைத்துக்கொண்டு உலகத்தையே கோவா என்று நினைக்கிற கூட்டம் என்றேன். அந்தப் பலகையைக் கம்ப்ரசருக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் புது ஷீட்டில் முதலிலிருந்து தொடங்கினேன். மார்கழிப் பனியில் எதுவும் காயாது. ஐந்து நாள் வேலைக்குப் பத்து நாள் ஆகும். நடுவில் ஒருநாள் பால்சாமி கூப்பிட்டார்.

“அய்யா நேத்து வாசப்படி தெரியாம விழுந்துட்டாரு. செத்த சீக்கிரம் முடிச்சுத் தாங்க.”

“எனக்காகவும் காயாது, உங்களுக்காகவும் காயாது அண்ணாச்சி. கையை வச்சது யாரு?” என்று போனை வைத்தேன்.

இரண்டாவது ஓவியம் நான் செய்ததிலேயே நல்ல வேலை. கன்னத்தில் விரல் வைத்தால் நிற்க இடமில்லாமல் வழுக்கும். தை எட்டாம் தேதி கடை திறப்பு. நானே வேனில் கொண்டுபோய் மாட்டினேன். வந்தவர்கள் அத்தனை பேரும் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கருத்தம்மாவோடு இருபது வருடம் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு பெண், “சினிமாக்காரி மாதிரில்லா இருக்காவ” என்றாள். பால்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

பிறகு கருத்தையாவைக் கூட்டி வந்தார்கள். செல்வலட்சுமி கையைப் பிடித்து நடத்தி வந்தாள். பார்வை முழுதாகப் போய்விட்டதென்று அவர் நடந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓவியத்துக்கு நேர் எதிரே நிறுத்தினார்கள். அவர் தலையைச் சாய்க்கவில்லை, தேடவில்லை. கோவா அடுக்கியிருந்த அலமாரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்கலே இருக்கா?”

பால்சாமி அவர் கையை எடுத்துப் பலகையின் மேல் வைத்தார். பெருவிரல் மோவாயைத் தாண்டி, உதட்டோரம் தாண்டி, இடது கன்னத்துக்குப் போனது. தேய்த்தது. மறுபடி தேய்த்தது.

“பதம் இல்லையேலே. வெறும் தகடு.”

“அம்மாதான்ய்யா. நல்லா வந்துருக்கு. எல்லாரும் சொல்லுதாவ.”

“உங்கம்மான்னா இங்கன அம்மப் புள்ளி இருக்கணும். இருட்டுக்குள்ள அடுப்படியில ஆரு நிக்கான்னு நான் இத வச்சுல்லா கண்டுக்கிடுவேன். அன்னைக்கும் தேடுனேன். அந்தப் புள்ள வைஞ்சிருச்சு.”

அந்தப் புள்ள இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. அவருக்குத் தெரியாது. அவர் சொன்னதில் கோபமும் இல்லை, யார் மேலும் குறையும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவருக்குக் கொஞ்சம் பார்வை இருந்தபோது ஓவியம் முக்கால்வாசி முடிந்து அவர் முகத்துக்கு முன்னால் இருந்தது. அந்த மனுஷனை விரட்டிவிட்டு மூன்று வாரம் பளபளப்புக்காகத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நான். கண்ணாடி கொண்டுவந்த பால்சாமியைப் பார்த்து எத்தனை சிரித்தேன். அவரும் பளபளப்பு கேட்டார், நானும் பளபளப்பு கொடுத்தேன். அவருக்கும் எனக்கும் வித்தியாசம் உப்புத்தாள் மட்டும்தான்.

யாரிடமும் சொல்லாமல் வேனை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போனேன். கம்ப்ரசருக்குப் பின்னால் அந்தப் பலகை தூசியோடு நின்றது. துடைத்து வேனில் ஏற்றினேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தபோது கடையில் கூட்டம் அலைமோதியது. பலகையை நான் உள்ளே தூக்கிவரவும் பால்சாமி குறுக்கே வந்தார்.

“இது கழிச்சுப் போட்டதுல்லா? ஆளுக இருக்கும்போது இத ஏன் தூக்கிட்டு வாரீங்க? மூஞ்சியெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கு.”

“கடைக்கு அது. அவருக்கு இது. வழிய விடுங்க.”

கருத்தையா கடையின் பின்பக்கம், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே இன்னொரு ஸ்டூலைப் போட்டு, முகத்துக்கு நேராகப் பலகையைச் சாய்த்து வைத்தேன். அவர் கையை எடுத்து மோவாயில் வைத்துவிட்டு விலகிக்கொண்டேன்.

பெருவிரல் பழைய வழியிலேயே போனது. மோவாய், உதட்டோரம், கன்னம். முதல் குழியில் நின்றது. அதிலிருந்து அடுத்ததுக்குப் போனது. பிறகு மெல்ல மெல்ல பதினேழையும் தேய்த்தது. அடுப்பில் கோவா கொதித்துக்கொண்டிருந்தது, கிண்டுகிற ஆள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“ஏட்டி,” என்றார் கருத்தையா, அடுப்படியில் நிற்கிற பெண்டாட்டியைக் கூப்பிடுவதுபோல.

உள்ளங்கை முழுவதையும், அன்று காலை அடுப்படியில் பட்ட நெய்யோடு, அந்தக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். செல்வலட்சுமி திரும்பி என்னைப் பார்த்தாள்.

கையை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை.