இருபத்தாறு பவுண்டு

“கையாலயே இறுக்கு. ஸ்பேனர் எல்லாம் வேணாம்.”

முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கணவர் ஸ்பேனர் வேண்டாம் என்றது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. வில்லின் மேல்துண்டைக் கைப்பிடியில் பொருத்தித் திருகைக் கட்டைவிரலால் இறுக்கினாள். பிறகு கீழ்த்துண்டு. கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்தபடி அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழற்றி மாட்டுகிற மர வில் அது. கைப்பிடி ஒன்று, அதற்கு மேலும் கீழும் பூட்டிக்கொள்ள மூன்று ஜோடித் துண்டுகள். இருபத்திரண்டு பவுண்டு, இருபத்தாறு, முப்பது. எண் ஏற ஏற, இழுக்கக் கை வலு அதிகம் வேண்டும். வில்கடைக்காரர் வெள்ளிக்கிழமையே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இன்று சாயங்காலம் வந்து, வேண்டாத இரண்டு ஜோடிகளை எடுத்துப்போவதாகப் பேச்சு.

வில் அவளுக்கு. ஒன்பது வருடமாக ஞாயிறுதோறும் இருவரும் மைதானத்துக்குப் போனார்கள். அவருடைய வில் அவளால் இழுக்க முடியாதது. ஊரார் கைபட்டு வழவழத்துப்போன பொது வில்லை வாங்கித்தான் அவள் எய்வாள். அதை வைத்துக்கொண்டே அவரைவிட நன்றாக எய்வாள் என்பதை அவர் எல்லோரிடமும் சொல்லித் திரிவார், அவளிடம் மட்டும் சொல்லமாட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்ட மறுநாள், “உனக்குன்னு ஒரு வில்லு பாத்துடணும்” என்று ஆரம்பித்தார்.

நான்கு நாளாக அவள் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். கைப்பிடி தடிமன் என்றாள். மரத்தின் நிறம் அழுது வடிகிறது என்றாள். நாண் சத்தம் போடுகிறது என்றாள்.

“ஒரு செருப்பு எடுக்க மூணு கடை ஏறி இறங்குறவ நீ,” என்றார் அவர். “ஆனா இது அது இல்ல. முடிவு பண்ணிட்டா நான் கெளம்பிடுவேன்னு பயப்படுற.”

அவள் நாணின் வளையத்தைத் துண்டின் நுனியில் மாட்டிக்கொண்டே இருந்தாள். அதேதான். இருபது வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு அவருடைய ரிப்போர்ட்டை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் வில் முடிவாகாத வரைக்கும் மனிதர் இருந்தாக வேண்டும் என்று ஒரு கணக்கு அவள் மனதுக்குள் ஓடியது. அசட்டுக் கணக்குதான். விட மனசு வரவில்லை.

“பயம்லாம் ஒண்ணுமில்ல,” என்றாள்.

“அப்ப இழு. பத்து எண்ணுற வரைக்கும் கை நடுங்காம நின்னா அதுதான் உன் வில்லு. கை பலமானதும் அடுத்த வருஷம் துண்ட மட்டும் மாத்திக்கோ. கைப்பிடி அப்படியே இருக்கும்.”

அடுத்த வருஷம் என்பதை நாளைக்குப் பால் வாங்குவதைப் போல அவர் சொன்னார்.

முப்பதில் நான்காவது எண்ணிக்கையிலேயே முழங்கை ஆடியது. இருபத்திரண்டில் பத்து வரை நின்றாள். “இது விளையாட்டுச் சாமான், உனக்கு ஆகாது” என்று ஒதுக்கினார். இப்போது இருபத்தாறு.

அலமாரியைப் பார்த்து நின்றாள். கட்டில் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் பார்க்க வேண்டியதும் முதுகைத்தான். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் சரியாக நெருங்குகின்றனவா என்று. நாணை உதட்டோரம் வரை இழுத்து நிறுத்தினாள்.

“ஒண்ணு,” என்றார். “தோள எறக்கு. ஆங். ரெண்டு.”

எண்ணுக்கு எண் மூச்சு வாங்கினார். மூன்று. நான்கு. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று. ஆறு.

“ஏழு. நல்லா நிக்கிற.”

அவள் எட்டுக்குக் காத்திருந்தாள். மைதானத்திலும் இப்படித்தான் வேண்டுமென்றே இழுத்தடித்து அவளை வம்புக்கு இழுப்பார். “சீக்கிரம் எண்ணுங்க, கை கடுக்குது,” என்றாள். கை கடுக்கவே இல்லை. இத்தனை திடமாக அந்தக் கை ஒருநாளும் நின்றதில்லை.

பக்கத்து அறையில் வேலையாக இருந்த மகள் மாத்திரையோடு வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா.” பிறகு மெதுவாக, “அம்மா, அப்பா...”

அவள் திரும்பவில்லை. அம்பில்லாத நாணைச் சட்டென்று விடக்கூடாது, வில் பிளந்துவிடும். இழுத்ததை அப்படியே திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

“எட்டு,” என்றாள், அவருடைய நிதானத்திலேயே. மூச்சு வாங்கினாள். “ஒம்பது.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

“பத்து.”

அங்குலம் அங்குலமாக நாணைத் தளர்த்தினாள். அது நேராகிச் சத்தமில்லாமல் நின்றது. வில்லை அலமாரியின் மேல் சாய்த்துவிட்டுத்தான் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தாள். பழக்கத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வில்கடைக்காரர் சொன்னபடி வந்தார். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. பார்க்க வேண்டியவரைப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் நழுவப் போனவரை அவள் கூடத்தில் நிறுத்தி, துணியில் சுற்றிய இரண்டு ஜோடிகளையும் கொடுத்தாள்.

“இப்ப இதுக்கு என்னம்மா அவசரம்?”

“இருபத்தாற வெச்சுக்கறேன்.”

“எத்தன வரைக்கும் நின்னீங்க?” தொழில் வாசனையில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“பத்து,” என்றாள் அவள். “அவர்தான் எண்ணுனாரு. பத்து வரைக்கும்.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வந்து, கடைக்காரரின் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்த துணியின் முனையை இழுத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.