ஆழ்வாப்பிள்ளையின் முட்டுக்கட்டை

1

முதலிலே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளையள். இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது ஒரே ஒரு காட்சிதான். நாற்பத்தேழாம் ஆண்டு, கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் சாவகச்சேரியில் ஏறினேன். எதிர்ச் சீட்டில் ஒருவர், சால்வையால் சுற்றிய எதையோ கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். பஸ் குலுங்கியதில் சால்வை விலகியது. ஆப்பு மாதிரிச் சீவிய இரண்டு பாலைமரக் கட்டைகள், நடுவில் கயிறு.

“உதென்ன அண்ணை?”

“என்ரை வேலை, தங்கச்சி. இன்னும் கிடைக்கேல்லை.”

அரியாலை வருமுன் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது பஸ் நின்றிருந்தது, அவர் இல்லை. இனி வருவதெல்லாம் நான் கட்டியது, பெயர் உட்பட.

2

ஆரம்பத்தை மூன்று தரம் எழுதினேன்.

வானத்திலே ஓர் இரும்புப் பறவை... (வெட்டிவிட்டேன். எனக்குப் பழக்கமான பறவை கோழிதான்.)

யுத்தம் முடிந்து இரண்டு வருஷமாகியும் ஆழ்வாப்பிள்ளையின் மனதில்... (மனதில் என்ன இருந்ததென்று பஸ்ஸில் நித்திரை கொண்டவளுக்கு எப்படித் தெரியும்?)

மூன்றாவது நின்றுவிட்டது: ஆழ்வாப்பிள்ளையின் வெங்காயத் தோட்டத்தில் விமானம் இறங்கியது.

உலக யுத்த காலத்தில் பலாலியில் விமான ஓடுபாதைக்கு எடுத்த காணிகளில் அவருடையதும் போயிற்று. செம்மண், கிணறு, துலா எல்லாம் வேலிக்குள். மனுசி மகாதேவியை வண்டிலில் ஏற்றிக்கொண்டு, கொடிகாமத்தில் அவளுடைய தமையன் வளவுக்கு வந்து சேர்ந்தார். யுத்தம் முடிந்தது, காணி திரும்பவில்லை. இப்போது பயணிகள் விமானம் வரத் தொடங்கியதால், கீழே நின்று பெட்டி தூக்கவும், சக்கரம் உருளாமல் சில்லுக்கு முட்டு வைக்கவும் ஆள் எடுக்கிறார்களாம். வேலைக்காரன் என்றால் வேலிக்குள் போகலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்: தன் மண்ணில் ஒருக்கால் கால் வைப்பது.

3

(காணியை எடுத்த இடத்திலேயே வேலை கேட்பாரோ, ரோசமில்லையோ என்று உங்களில் ஒருவர் கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ரோசக்காரராக எழுதிப் பார்த்தேன். அந்த ஆழ்வாப்பிள்ளை வீட்டிலேயே படுத்துவிட்டார், கதையும் படுத்துவிட்டது. அதனால் பிடிவாதக்காரரை வைத்துக்கொண்டேன். பிடிவாதம் விடியவே எழும்பும்.)

4

ஆள் எடுக்கிறவர் செபநாயகம் என்ற மேற்பார்வையாளர். விமானம் வந்து நின்றதும், முன்னாலே சுழலுகிற விசிறி* ஓய முதலே சில்லுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை வைக்கவேண்டும் என்று விளக்கிச் சொன்னார். ஆழ்வாப்பிள்ளை கட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே முன்பக்கத்தாலே நடந்தார்.

ஏன் என்று வண்டில் வைத்திருந்தவர்களுக்கு விளங்கும். மாட்டுக்குப் பின்னாலே போனால் உதைக்கும். முகத்தைக் காட்டி, குரல் கொடுத்து, முன்னாலேதான் போகவேண்டும். முப்பது வருஷப் பழக்கம். விமானத்துக்கும் “ஓ... ஓ...” என்று குரல் கொடுத்தாராம்.

செபநாயகம் பாய்ந்து இடுப்புத் துண்டில் பிடித்து இழுக்க, இரண்டு பேரும் விழுந்தார்கள்.

“உது மாடில்லைக் காணும். முகம் பாக்கப் போனால் தலை இராது.”

தன் காணிப் பக்கம் போக முதலே, அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்.

* சுழலும்போது அது கண்ணுக்குத் தெரியாது. வெறும் காற்று மாதிரி இருக்கும். அதுதான் பயம்.

5

மகாதேவி கேட்டுச் சிரிக்கவில்லை. அடுத்த நாள் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டிலின் முன்தட்டில் ஈர்க்குமாறோடு ஏறி இருந்தாள். வண்டில்தான் விமானம். அவர் முன்பக்கத்தாலே வந்தால் விளக்குமாற்று அடி, பின்னாலே சுற்றி வந்தால் ஒன்றுமில்லை. முதற் கிழமை முழுக்க அடிதான். கால் தன்பாட்டில் முன்னுக்கே போயிற்று.

வேலியால் எட்டிப் பார்த்த தமையன் தம்பிராசா, “மச்சான், வண்டில் எப்ப பறக்கும்?” என்று கேட்டாராம்.

“முட்டு வைச்சிருக்கிறன். அதுதான் நிக்குது.”

ஒரு மாதத்தில், கண்ணைக் கட்டிவிட்டாலும் பின்னாலேதான் வந்தார். அதன் பிறகு பாலைமரம் தேடிக் கட்டை சீவினார்.

6

இரண்டாம் தரம் போனபோது ஆள் எடுத்தாயிற்று என்றார் செபநாயகம். மூன்றாம் தரம் அவர் போகையில்தான் நான் அந்தப் பஸ்ஸில் ஏறினேன்.

முடிவு ஒன்று: வேலை கிடைத்தது, மகாதேவி பால் பொங்கினாள். (இனிப்புக் கூடிவிட்டது.)

முடிவு இரண்டு: வாசலிலேயே... (மகாதேவியின் முகத்தை நினைத்துக் கிழித்தேன்.)

என்னால் போகமுடிந்த தூரம் இதுதான்.

“ஒருக்கால் பாருங்கோ ஐயா. பிறகு துரத்துங்கோ,” என்றார் ஆழ்வாப்பிள்ளை. கட்டையைக் கண்டதாலோ என்னவோ, செபநாயகம் வழி விட்டார். விமானம் வந்து நின்றது. இவர் வால் பக்கத்தால் தூரச் சுற்றி, சிறகுக்குப் பின்னாலே குனிந்து போய், சில்லுக்கு இரண்டு பக்கமும் முட்டு வைத்தார். விசிறி ஓய்ந்தது. எழும்பலாம். எழும்பவில்லை. உள்ளங்கையைத் தார்த் தரையில் வைத்தபடி குந்தியிருந்தார். அதற்கு நேர் கீழே, தூர்த்து மூடிய அவருடைய கிணறு.

செபநாயகத்தின் கை உயர்ந்தது. வா என்று கூப்பிடவோ, போ என்று துரத்தவோ, எனக்குத் தெரியவில்லை. பேனையை அங்கேயே வைத்துவிட்டேன்.

அந்தக் கையை நீங்கள்தான் இறக்கவேண்டும், பிள்ளையள். ஒன்று மட்டும் கேட்கிறேன். முன்பக்கத்தாலே வராதேயுங்கோ. சுற்றிப் பின்னாலே வாங்கோ. அவருடைய உள்ளங்கை இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு இறக்குங்கோ.