இறுக்காத வார்

இடது பூட்ஸ் ஏறிவிட்டது. வலது கால் வீங்கியிருந்ததால் மற்றது குதிகாலைத் தாண்ட மறுத்தது. பட்டாளத்து பூட்ஸோடுதான் தன்னைச் சுடுகாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அப்பா பல தடவை சொல்லி வைத்திருந்தார். மகள் தரையில் மண்டியிட்டு, அந்தக் குளிர்ந்த பாதத்தோடு மல்லுக்கு நின்றாள்.

"வாரை முழுசா உருவிடும்மா. அப்பத்தான் வாய் விரியும்" என்றபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் வயர்லெஸ் மாமா. அப்பாவோடு ஒரே படைப்பிரிவில் வயர்லெஸ் ஆபரேட்டராகப் போருக்குப் போனவர்.

அப்பா வாரை என்றைக்கும் இறுக்கியதில்லை. ஒற்றைச் சுருக்கு, தொட்டால் அவிழ்ந்துவிடும். குண்டுக்குத் தப்பிய மனுஷன் வாசப்படியில் தடுக்கித்தான் சாகப்போகிறார் என்று அம்மா இருந்தவரை கேலி செய்வாள். அதைச் சொல்லி மகள் லேசாகச் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

"எப்படி இறுக்குவான்? சண்டையில உன் மாமனாரு பூட்ஸ் முள்கம்பியில மாட்டிக்கிச்சு. வாரை அறுத்து விடுடான்னு கெஞ்சுறாரு. உங்கப்பன் கையில கத்தி இருந்துச்சு. மொத குண்டு விழுந்ததும் ஓடி வந்துட்டான். அடுத்தது அங்கேயே விழுந்துச்சு."

அவள் கை வாரிலேயே நின்றது.

வீட்டில் சொல்லப்பட்ட கதை வேறு. மாமனார் அப்பாவைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, குண்டைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டாராம். அந்த நன்றிக்குத்தான் அவர் மகனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தது. வேண்டாம் என்று அவள் அழுதபோதும், பிறகு கன்னம் கன்றி வீடு திரும்பிய ஒவ்வொரு முறையும், அப்பா சொன்னது ஒன்றுதான். அவங்கப்பன் இல்லேன்னா நானும் இல்லை, நீயும் இல்லை, பொறுத்துப் போம்மா. சொல்லிவிட்டுத் தானே பஸ் ஏற்றிவிடுவார்.

"உன்னைத்தான் அடிக்கடி நெனைச்சுக்குவேன்" என்றார் மாமா. "கல்யாணத்துக்கு முந்தியே உங்கப்பன் எல்லாத்தையும் உங்கிட்ட சொல்லிட்டானாமே. அப்பா செஞ்சதுக்கு ஈடா அந்த வீட்டுக்கு நான் போறேன்னு நீயாத்தான் சம்மதிச்சியாம். யாருக்கு வரும் அந்த மனசு?"

வெளியே நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது. அவள் மிச்ச வாரைத் துளை துளையாக உருவினாள். பூட்ஸ் ஏறிக்கொண்டது. காலையில் அவளே சவரம் செய்த அப்பாவின் தாடையில், விட்டுப்போன நரைமுடி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி வந்தாச்சு. இன்னும் என்ன பண்றே?"

கணவன் உள்ளே வந்தான். அவள் அப்பாவைத் தெய்வமாக வைத்திருந்தவன்; கண்கள் சிவந்திருந்தன. அவள் கையிலிருந்த வாரை வாங்கி, மண்டியிட்டுக் கோத்து, அவர் வழக்கப்படியே ஒற்றைச் சுருக்குப் போடப் போனான்.

"இறுக்கிக் கட்டுங்க" என்றாள்.

"அவருக்குப் பிடிக்காதே."

"ரெண்டு முடிச்சாப் போடுங்க."

வயர்லெஸ் மாமா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

கணவன் வாரை இழுத்த இழுப்பில் அப்பாவின் பாதம் ஒரு தடவை அசைந்து நின்றது.