பார்வைக்குச் சரியான காரணங்கள்

“நாளைக்கு என்ன வார்த்தை, டீச்சரம்மா?”

“ஸ்பீஷியஸ்.”

“ஏதோ வியாதி பேரு மாதிரி இருக்கு.”

“மேலாகப் பார்த்தா ரொம்பச் சரியா இருக்கும். கொஞ்சம் தோண்டினா உள்ளே ஒண்ணுமே இருக்காது. அதுக்குத்தான் அந்த வார்த்தை.”

“அப்போ உங்க அண்ணன் மீசை.”

“மீசைக்கெல்லாம் சொல்ல மாட்டாங்க. ஒருத்தர் சொல்ற காரணம், வாதம், சால்ஜாப்பு, இதுக்குச் சொல்லலாம். கேட்டதும் நம்பத் தோணும். ஆனா நிக்காது.”

அவன் சிரித்துக்கொண்டே தண்ணீரை எடுத்தான். டம்ளர் இடது கையிலிருந்து நழுவித் தட்டில் கவிழ்ந்தது. “கையில எண்ணெய்,” என்றான் அவள் கணவன்.

மறுநாள் காலை வகுப்பில் அந்த வார்த்தையைப் பலகையில் எழுதும்போது, இந்தப் பேச்சுதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று எண்ணெய். போன வாரம் சட்டைப் பட்டனைப் போட முடியாமல் அவளைக் கூப்பிட்டபோது, துளை சின்னது. சூடான பாத்திரத்தைத் தொட்டு விரல் கொப்புளித்ததைக்கூட அவள்தான் முதலில் பார்த்தாள். அதற்கு, கையை மடக்கிப் படுத்ததில் மரத்துப்போனது. தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே நியாயம்தான். சேர்த்துப் பார்த்தால் ஒன்றுகூட நிற்கவில்லை.

உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பது அவன் வேலை. அந்த வாரம் அவள் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் இந்தக் கட்டடத்துக்கே வந்திருந்தான். அவள் வகுப்பு மொட்டைமாடிக்கு நேர் கீழ்த் தளத்தில்.

“எங்க வீட்டுக்காரர் லேட்டா வர்றதுக்குச் சொல்ற காரணம் பூரா ஸ்பீஷியஸ்தான், மிஸ்,” என்றாள் முன்வரிசையில் இருந்த தையல்காரி. வகுப்பே சிரித்தது.

“சரியான உதாரணம்,” என்றாள் இவள். சிரிக்க முடியவில்லை.

அவளிடமும் ஒரு காரணம் இருந்தது. “கயித்துல தொங்குறவனுக்கா என் பொண்ணு?” என்று அப்பா மறுத்தபோது சண்டை போட்டுத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். அன்றே அவனிடம் வாக்குக் கொடுத்தாள்: வேலையை விடச் சொல்லி ஒருநாளும் கேட்க மாட்டேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் சொல்லியே வாயை மூடிக்கொண்டிருந்தாள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது அந்தக் காரணம்.

ஜன்னலுக்கு வெளியே நீலக் கயிறு ஒன்று சரசரவென்று கீழே இறங்கியது.

“ஆளுக்கொரு வாக்கியம் எழுதி வையுங்க,” என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

மாடிக் கதவருகே பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான் கணவனின் கூட்டாளி. சுவரில் ஒட்டிக்கொள்வதால் எல்லோருக்கும் அவன் பல்லி. “அண்ணி, இங்கெல்லாம் வரக்கூடாது. மேனேஜர் பார்த்தா எனக்குத்தான் பூசை,” என்றான்.

“ஒரு நிமிஷம் தம்பி.”

ஜன்னலில் பார்த்த கயிறு பல்லியுடையது. கணவன் இன்னும் இறங்கவில்லை. கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து தன் கயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்தான். மேலுறை புத்தம்புதிதாக மின்னினாலும் உள்ளே இழை அறுந்திருக்கலாம். அதனால் முழுக் கயிற்றையும் வெறும் விரல்களுக்கு நடுவே உருவிப் பார்ப்பார்கள். மெத்தென்று அமுங்கும் இடம் வந்தால் கயிறு குப்பைக்கு. கண்ணை மூடிக்கொண்டுதான் உருவுவேன் என்று கல்யாணமான புதிதில் அவன் பெருமையடித்திருக்கிறான்.

இப்போது அவன் கண்ணை மூடவில்லை. வலது கை இழுக்க, இடது விரல்கள் வழியே ஓடிய கயிற்றை முகத்தருகே தூக்கி உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றை வலது விரல்களுக்கு மாற்றினால் இடது கையில் ஏதோ கோளாறு என்று பல்லிக்குத் தெரிந்துவிடும்.

“என்ன, பசங்க விரட்டி விட்டுட்டாங்களா?” என்றான் தலை நிமிராமல்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் இடது கையின் மேல் தன் கையை வைத்தாள். அவன் ஆள்காட்டி விரல் நுனியில் தன் நகத்தைப் பதித்தாள். பிறகு அழுத்தினாள். தோல் வெளுத்தது; நகத்தடியில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

“கயிறு நல்லாத்தான் இருக்கு,” என்றான் அவன், கயிற்றைப் பார்த்தபடியே, கையை இழுக்காமல். “சாயங்காலம் சீக்கிரம் வந்துடறேன். உன்னைக் கூட்டிட்டு எங்கயாவது போகலாம்.”

சுவருக்கு அப்பால் வெறும் வானம். பல்லி எதையோ விசிலடித்துக்கொண்டு வந்தான்.

“இங்க பாருங்க,” என்று கணவனின் விரலை அவன் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

அவன் ரத்தத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“காரணம் சொல்லாதீங்க,” என்றாள். “நான் வாக்குக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கு. இருந்தாலும் கேட்கிறேன். கயித்துல இறங்காதீங்க. இன்னைக்கு மட்டும் இல்ல, இனிமேலும் வேண்டாம். இந்த வேலையை விட்டுடுங்க.”