பதினொரு கிலோ சம்மதம்

ஈரல் கொடுக்க மனமில்லாத மகனை வீட்டாரிடம் காட்டிக் கொடுக்கக் கூடாது. சியோலின் அந்தப் பெரிய மருத்துவமனையில் எழுதி வைக்காத சட்டம் அது. ‘மாட்டேன் என்கிறான்’ என்று சொன்னால் சொந்தபந்தம் அவனை உயிரோடு தின்றுவிடும். ஆகவே ‘ஈரல் ஒத்துவரவில்லை’ என்று டாக்டரே ஒரு பொய்யைச் சொல்லி அனுப்புவது வழக்கம். கல்லீரல் மாற்று அறுவைசிகிச்சையில் இரண்டாம் வருடப் பயிற்சியிலிருந்த நாம்குங் சோலுக்கு இந்தப் பொய்யை எப்படிச் சொல்வதென்று மட்டும் யாரும் கற்றுத்தரவில்லை. பேராசிரியர் பியோனுக்குச் சொற்பொழிவாற்றவே நேரம் போதாது.

அப்பாவுக்கு ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்க வந்த குக் ஜே-உன்னுக்கு இருபத்தாறு வயது, கொழுகொழு உடம்பு. தனியறையில் கதவைச் சாத்தியதும் சொல்லிவிட்டான்.

“எனக்கு இஷ்டமில்லீங்க டாக்டர். அப்பா குடிச்சிட்டு அடிச்சதுல இந்தத் தோள் இன்னும் மேல தூக்க வராது. ஆனா நான் சொன்னேன்னு தெரியக் கூடாது.”

“தெரியாது. நான் பாத்துக்கறேன்.”

பதினாலு மணி நேரம் நின்ற கால்களோடு சோல் அவன் தொப்பையைப் பார்த்தாள். கைக்கெட்டிய பொய்யை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஈரல்ல கொழுப்பு ஜாஸ்திங்க. எடுக்க முடியாது.”

அங்கே காத்திருந்த அவன் அம்மா தலைகுனிந்தாள். சித்தப்பா நிமிர்ந்தார். “கொழுப்புதானே டாக்டரம்மா? கரைச்சிட்டாப் போச்சு!”

பரிவாரத்தோடு அவ்வழியே வந்த பியோன் காதில் அது விழுந்தது. “கரையும்! பெத்தவனுக்காகப் பிள்ளை கரைக்க முடியாத கொழுப்பு உண்டா? ரத்தக்குழாய் படம் பாத்தேன், சித்திரம் மாதிரி இருக்கு. ரெண்டே மாசம்!” சோல் கண்ஜாடை காட்டினாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ரத்தக்குழாய் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். ரத்தக்குழாயை யாராலும் மலையேற்றி மாற்ற முடியாது.

ஏழு வாரம் அவித்த கோழியும் முட்டைக்கோஸும். தினம் காலையில் சித்தப்பா ஊன்றுகோலோடு பின்னால் வர, புக்கான் மலையேற்றம். இறங்கியதும் எடை பார்த்துக் குடும்பத்தின் கைபேசிக் குழுவில் போடுவார்கள். கடைசியில் பதினொரு கிலோ போயிருந்தது. புதிய படத்தில் ஈரல் பளிங்கு மாதிரி இருந்தது.

சோல் பியோனிடம் போய் உள்ளதைச் சொன்னாள்.

“மனசில்லாம எவனாவது பதினொரு கிலோ இளைப்பானாம்மா?” என்றார் அவர். “அவன் இளைச்சதே சம்மதம். அந்த அப்பாவுக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்ல. போய்க் கையெழுத்து வாங்கு.”

அதே தனியறை. சட்டை ஜே-உன்னின் மேல் தொளதொளத்தது.

“நான் இப்பவும் வேற ஏதாவது காரணம்…” என்று தொடங்கினாள் சோல்.

“நீங்க ஒரு தடவை காப்பாத்தினதே போதுங்க.” சிரித்தான். “முப்பத்தோரு பேர் தினம் என் எடையைப் பாத்தாங்க. நேத்து அப்பா குழுவுல கைதட்டற பொம்மைப் படம் அனுப்பியிருக்கார். பொறந்ததுலேர்ந்து முதல் தடவை. இப்ப எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு மாட்டேன்னு சொல்றது?”

படிவத்தின் கடைசிக் கேள்வியை அவள் வாய்விட்டுப் படித்தாக வேண்டும், அது விதி. “யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சம்மதிக்கிறீர்களா?”

“ஆமான்னு எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அறுவைப் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே, முதல் உதவியாளர் என்ற இடத்தில், அவள் பெயர் இருந்தது.