2099 என்று போட்டால் என்ன அர்த்தம்

சாத்தூர் பாத்திரக்கடை ரத்தினசாமி போனில் கேட்டார்: "ஏம்மா லட்சுமி, எங்க காலண்டரு ரெண்டாயிரத்துத் தொண்ணூத்தொம்போது டிசம்பர்லதான் வருமாம்ல. எனக்கு அம்புட்டு ஆயுசு போட்ருக்கீகளா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவருடைய அப்பா இறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. என்னால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் பதினோரு வருடமாக ஆர்டர் பகுதி என் பொறுப்பு. ஆர்டர் பதியும் மென்பொருளையும் வேலைக்கு வந்த புதிதில் நானே எழுதினேன். வாடிக்கையாளர் வீட்டில் சாவு விழுந்தால் அந்த ஆர்டரை அச்சுக்கு அனுப்ப மாட்டோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பேசுவோம். சிலர் இறந்தவரின் படத்தைச் சேர்க்கச் சொல்வார்கள். சிலர் இந்த வருடம் காலண்டரே வேண்டாம் என்பார்கள். மென்பொருளில் நிறுத்திவைக்க ஒரு வழி வைக்க மறந்துவிட்டேன். அதனால் டெலிவரி தேதியில் 31-12-2099 என்று போட்டுவைப்பேன். அப்புறம் அந்த ஆர்டர் எந்த நாளின் பட்டியலிலும் வராது. ஆபீஸில் எல்லோருக்கும் அது புரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த ஐப்பசியில் முதலாளி ராஜபாண்டியன் அண்ணாச்சியின் மகள் பிரீத்தி ஒரு ஏஐ ஏஜென்ட்டைக் கொண்டுவந்தாள். வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கு அது பதில் சொல்லும். என் மென்பொருளின் கட்டளைகளைத் தானே இயக்கும். "ஒவ்வொரு கட்டளைக்கும் வெளக்கம் எழுதித் தாங்கக்கா, அதப் படிச்சுத்தான் அது வேலை பார்க்கும்" என்றாள். இருபத்திரண்டு கட்டளைகள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவள் அதைக் கொண்டுவந்ததே எனக்காகத்தான். கார்த்திகை பத்தாம் தேதி விருதுநகரில் எனக்கு ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும். சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும் என்று இரண்டு வருடம் தள்ளியாயிற்று. ரத்தம் போய்ப் போய் மாடி ஏறினால் கண் இருட்டுகிறது. இனியும் தள்ளினால் என்னிடம் வராதே என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ரத்தினசாமி வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு டெலிவரி 31-12-2099 என்று சொன்னது அந்த ஏஜென்ட்தான். அவருடைய போனுக்குப் பிறகு அண்ணாச்சி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அதைத் தூக்கிப் போடு பிரீத்தி. துக்க வீட்ல போயி உளறிருக்கு. லட்சுமி, ஆபரேசனைப் பொங்கலுக்குப் பெறவு வச்சுக்கிட்டா என்னம்மா? நீ இல்லாம இங்கன ஒண்ணும் ஓடாது."

அடிவயிறு இழுத்துப் பிடித்தது. அதே நொடியில் மனதுக்குள் ஏதோ தித்தித்தது. நீ இல்லாமல் ஓடாது. அந்தத் தித்திப்பை நான் தெளிவாக உணர்ந்தேன். அது எனக்கு வலியைவிடப் பயமாக இருந்தது.

வெளியே வந்ததும் பிரீத்தி தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"கோவிச்சுக்காதீகக்கா. அதுக்கு நாம சொன்னது இம்புட்டுதான்."

'தேதி மாற்று: டெலிவரி தேதியை மாற்றும். ஆர்டர் பார்: ஆர்டரைக் காட்டும்.'

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே பிரீத்தி."

"யாருக்கு? 2099ன்னா என்னன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். எதோ தட்டச்சுப் பிழைன்னு நெனச்சேன்."

மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். மறந்துதான் எழுதாமல் விட்டேனா? தங்கையின் கல்யாணப் பந்தியில்கூட ஆபீஸிலிருந்து சந்தேகம் கேட்டு எனக்குப் போன் வந்தது. சலித்துக்கொண்டேதான் எடுத்தேன். ஆனால் ஒரு போனையும் எடுக்காமல் விட்டதில்லை. எழுதிவைத்திருந்தால் அந்தப் போன்கள் வந்திருக்காது. இது எனக்கு எப்போதோ தெரியும்.

விளக்கங்களைத் திருத்தி எழுத அண்ணாச்சியிடம் நான்கு நாள் அவகாசம் கேட்டேன். முகத்தைச் சுளித்தபடி சரி என்றார்.

முதல் நாள் எழுதியது மூன்று பக்கம் போனது. பிரீத்தி படித்துவிட்டுச் சிரித்தாள். "இது உங்க சுயசரிதைக்கா. எப்ப செய்யணும், எப்ப செய்யக்கூடாது, சந்தேகம்னா யாரக் கேக்கணும். அத மட்டும் சொல்லுங்க."

இந்த ஆபீஸுக்குள் கால் வைத்திராத, என் முகத்தைப் பார்த்து எதையும் புரிந்துகொள்ள முடியாத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதிப் பார்த்தேன். 'நிறுத்தி வை' என்று ஒரு புதுக் கட்டளையையும் சேர்த்தேன். அதற்குக் கீழே எழுதினேன்: 'வாடிக்கையாளர் குடும்பத்தில் யாராவது இறந்தால் இதைப் பயன்படுத்து. தேதி மாற்று கட்டளையைப் பயன்படுத்தாதே. பதினாறு நாள் வரை நாமாக எந்தச் செய்தியும் அனுப்பக்கூடாது. அவர்களாகக் கேட்டால், நிறுத்திவைத்திருக்கிறோம், நீங்கள் சொல்லும்போது தொடங்குவோம் என்று மட்டும் சொல். பழைய ஆர்டர்களில் 31-12-2099 என்று இருந்தால் அது தேதி அல்ல. நிறுத்திவைத்திருக்கிறோம் என்று பொருள். அந்தத் தேதியை யாரிடமும் சொல்லாதே.'

ஐந்தாம் நாள் காலையில் அண்ணாச்சி பக்கத்தில் நிற்க, பிரீத்தி வாடிக்கையாளர்போலத் தன் போனிலிருந்து தட்டினாள்: 'அம்மா தவறிட்டாங்க. காலண்டர் பத்தி அப்புறம் பேசுறேன்.'

பதில் இரண்டே வரி. வருந்துகிறோம், ஆர்டரை நிறுத்திவைத்திருக்கிறோம். தேதி கேட்கவில்லை, மாதிரி எண் கேட்கவில்லை. ஆர்டர் நின்றிருந்தது. என் திரையில் மட்டும் ஏஜென்ட் ஒரு குறிப்பை வைத்திருந்தது: 'பதினாறு நாளுக்குப் பிறகு இவரிடம் யார் பேசுவது என்பது விளக்கத்தில் இல்லை. யாரிடம் ஒப்படைக்கட்டும்?'

அண்ணாச்சி குனிந்து படித்தார். "கேக்க வேண்டியதக் கேக்குதே" என்றார்.

பதினோரு வருடமாக அந்த வீடுகளுக்கெல்லாம் நான்தான் போன் செய்து பேசியிருக்கிறேன். அது இவ்வளவு இயல்பாக இருந்ததால்தான் எழுதத் தோன்றவில்லை. விரல் விசைப்பலகையின் மேல் சற்று நின்றது. பிறகு அடித்தேன்: பிரீத்தி.

"நானா? துக்க வீட்ல எனக்கு என்ன பேசணும்னே தெரியாதேக்கா."

"உக்காரு, சொல்றேன். மொதல்ல காலண்டர் பேச்சையே எடுக்கக்கூடாது. சாப்பிட்டீகளான்னு கேக்கணும்."

அவள் நோட்டை எடுத்தாள். அண்ணாச்சி வாசல்வரை போய்த் திரும்பினார். "அவசரம்னா ஒரு போன் போட்டுக்கலாம்ல லட்சுமி?"

"ஆறு வாரத்துக்கு வேண்டாம் அண்ணாச்சி."

சொன்ன பிறகுதான் அதை நான் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. அவர் தலையாட்டிவிட்டு அச்சுக்கூடத்துப் பக்கம் நடந்தார்.

கார்த்திகை ஒன்பதாம் தேதி விருதுநகர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஆமத்தூர் தாண்டுவதற்குள் இரண்டு தடவை பையைத் திறந்து போனைப் பார்த்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. மூன்றாவது தடவை பையைத் திறந்தபோது, அம்மா கட்டிக் கொடுத்த இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன்.